காலையில சும்மா பார்க்கிற டொக்டரப் பின்னேரம் காசு குடுத்துப் பார்க்க ஏன் வாறாங்க?

மட்டக்களப்புப் பக்கம் மெடிக்கல் சென்டர் ஒண்டு தொடங்கப் போறம் எண்டு என்னட்ட வந்து கதைக்கிற தம்பிமார் எல்லாரும் முதல்ல கேக்கிறது பேஸ்புக் விளம்பரத்துக்கு எவ்வளவு போடணும், போர்ட் என்ன சைஸ்ல அடிக்கணும், எந்த டொக்டரப் புடிக்கலாம் எண்டுதான். நான் திருப்பி ஒண்டு கேப்பன், உங்களுக்குப் போட்டி ஆர் எண்டு. பக்கத்து ரோட்டுல இருக்கிற சென்டரச் சொல்லுவாங்க. எங்கட ஊர்ல எந்தத் தனியார் இடத்துக்கும் உண்மையான போட்டி அரசாங்க ஆஸ்பத்திரிதான், அதுவும் ஒரு சதம் வாங்காத ஆஸ்பத்திரி. மட்டக்களப்பு போதனா இருக்கு, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை இருக்கு, இங்கால கல்முனையில வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, இன்னும் கீழ போனா அக்கரைப்பற்று. பின்னேரம் எங்கட சென்டர்ல வந்து இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் காலையில இந்த ஆஸ்பத்திரிகள்ல ஒண்டுலதான் கிளினிக் நடத்துறார். அரசாங்க டொக்டர்மார் கடமை நேரம் முடிஞ்ச பிறகு பிரைவேட்டாப் பார்க்கலாம் எண்டு இருக்கிறபடியா இந்த நாடு முழுக்க சனலிங், அதாவது காசு கட்டி நம்பர் எடுத்து டொக்டரப் பார்க்கிறது, அப்பிடித்தான் ஓடுது. அதே ஆள், அதே கை, கிட்டத்தட்ட அதே மருந்து.

அப்ப காலையில சும்மா பார்க்கக்கூடிய ஒராள, பின்னேரம் ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்துப் பார்க்க சனம் ஏன் வருது? இதுக்கு மறுமொழி தெரியாம சென்டர் தொடங்கினா போர்ட் மட்டும்தான் மிஞ்சும்.

நான் மட்டக்களப்பு டவுன்ல ஒரு தனியார் இடத்துல கவுண்டர்ல இருந்து தொடங்கி, மறுகா மார்க்கெட்டிங் எண்டு ஊர் ஊரா அலைஞ்சு, இப்ப களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் நடுவுல மெயின் ரோட்டுல இருக்கிற ஒரு சென்டரப் பார்த்துக்கொண்டு இருக்கன். எங்கட்ட வாற சனத்துல பாதி வாவிக்கு அங்கால மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரையில இருந்து பட்டிருப்புப் பாலத்தால வாற வயல்கார ஆக்கள், மற்றப் பாதி மருதமுனை, நீலாவணை, கல்முனைப் பக்கம். இவங்கள்ட கதையக் கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்டது என்னெண்டா, காலையில கிளினிக்ல அவ்வளவு சனத்துக்குள்ள டொக்டருக்குத் தலைய நிமித்த நேரமில்ல, அது அவர்ட பிழையும் இல்ல, ஆனா அங்க கேக்க ஏலாமப் போன கேள்வியக் கேக்கத்தான் இவங்க இங்க வாறாங்க. எனக்கு என்ன வருத்தம், இது மாறுமா, எவ்வளவு காலத்துக்குக் குளிசை போடணும், மகள்ட கலியாணத்துக்கு முதல் ஒப்பரேசன் செய்யலாமா. வைத்தியம் சரியா பிழையா எண்டு ஒரு நோயாளியால அளக்க ஏலாது, படிச்ச ஆளாலயும் ஏலாது. ஆனா தனக்குச் சொன்னாங்களா சொல்லல்லையா எண்டு ஆருக்கும் தெரியும். வீட்ட போய் அயலட்டைக்குச் சொல்லுறதும் அதத்தான். அதுதான் எங்கட மார்க்கெட்டிங், மற்றதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

காசு குடுத்து வந்தாப்போல கேள்வி கேட்டிருவாங்க எண்டும் நினைக்கக்கூடாது. உள்ள போனதும் பயம் வந்திரும், பேசாம இருந்திட்டு வெளிய வந்து என்ட கவுண்டர்ப் பிள்ளைட்டக் கேப்பாங்க. அமெரிக்காவுல பெக்மன், பிராங்கல் எண்டு ரெண்டு பேர் 1984ல ஒரு ஆய்வு வெளியிட்டவங்க, நோயாளி தன்ட கதையச் சொல்லத் தொடங்கி சராசரி 18 செக்கன்ல டொக்டர் இடையில புகுந்திர்ரார் எண்டு. அங்கயே அந்தக் கதையெண்டா இங்க எங்கட அம்மாமார்ட நிலைமைய யோசிச்சுப் பாருங்க. அதால நாங்க ஒரு சின்ன வேலை செய்தம். நம்பர் வாறதுக்கு முதல் பிரஷர் பார்க்கிற பிள்ளை, பிரஷரப் பார்த்துக்கொண்டே "டொக்டர்ட்ட என்னம்மா கேக்கணும் எண்டு வந்தீங்க" எண்டு கேட்டு, அவங்க சொல்லுறத சொன்ன மாதிரியே ஒரு சின்னத் துண்டுல எழுதிக் கிளினிக் கொப்பிக்குள்ள வைக்கும். ஒரு வெல்லாவெளிப் பக்கத்து ஐயாட துண்டுல "ராவையில வயல் காவலுக்குப் போகலாமா" எண்டு மட்டும்தான் இருந்தது. நெஞ்சு வருத்தத்துக்கு ஆறேழு குளிசை போடுற ஆள். ஈசிஜி, எக்கோ எல்லாம் பார்த்த மனிசனுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான், அத ஆருமே கேக்கல்ல. டொக்டர் அந்தத் துண்டப் பார்த்திட்டு அஞ்சு நிமிசம் அதப் பற்றியே கதைச்சார், தனிய போகாதீங்க, பரண்ல ஏறி இறங்குறதக் குறைங்க, ஃபோனக் கையோட வச்சிருங்க எண்டு. அந்த ஐயா பிறகு எங்களுக்குக் கூட்டி வந்த ஆக்கள் கொஞ்சநஞ்சமில்ல. தொடக்கத்துல சில டொக்டர்மார் இந்தத் துண்டு என்னத்துக்கு எண்டு சினந்தாங்க, பிறகு அவங்களே "துண்டு எங்க" எண்டு கேக்கத் தொடங்கிட்டாங்க, ஏனெண்டா அதால கதை சுருங்குது.

அடுத்தது காத்திருக்கிற நேரம். இதுல சென்டர் வச்சிருக்கிற எல்லாரும் ஒரே கவலைதான், டொக்டர் பிந்தி வாறார், சனம் ஏசுது. டொக்டர் பிந்துறத எங்களால நிப்பாட்ட ஏலா. ஒப்பரேசன் தியேட்டர்ல ஒரு சிசேரியன் வந்தா, வோர்ட்ல ஒரு ஆள் ஏலாமப் போனா அவர் அங்கதான் நிக்கணும், நிண்டாத்தான் அவர் டொக்டர். ஆனா சனத்துக்குக் கோவம் வாறது பிந்துறதால எண்டு நான் நம்பல்ல. டேவிட் மைஸ்டர் எண்டவர் 1985ல காத்திருக்கிறதப் பற்றி எழுதினதுல ஒரு விசயம் என்ட வாழ்க்கையில நான் கண்ணாலக் கண்டது, எவ்வளவு நேரம் எண்டு தெரியாம இருக்கிறதும் ஏன் எண்டு தெரியாம இருக்கிறதும்தான் நேரத்த நீட்டுது. எங்கட பிள்ளைகள் வழமையாச் சொல்லுற கதை "இப்ப வந்திருவார்". அந்த வசனத்த எங்கட சென்டர்ல நான் முற்றா நிப்பாட்டிட்டன். டொக்டருக்கு மூன்றரைக்கு ஒரு கோல், எத்தன மணிக்கு வருவீங்க எண்டு. அவர் ஆறு எண்டா நாங்க ஆறரை எண்டு எழுதி வாசல்ல வைப்பம், நம்பர் எடுத்த எல்லாருக்கும் ஒரு மெசேஜ், மெசேஜ் வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குக் கோல். "டொக்டர் தியேட்டர்ல நிக்கார், ஆறரைக்கு முதல் வரமாட்டார், கடைத்தெருவுக்குப் போறதெண்டாப் போய்ட்டு வாங்க, காசு திருப்பித் தரவேணுமெண்டாலும் இப்பயே தாறம்." காசு திருப்பித் தாறம் எண்டதும் போற ஆக்கள் குறைவு. போனாலும் முழுக் காசையும், எங்கட சென்டர் காசையும் சேர்த்து, ஒரு கேள்வியும் கேக்காமக் குடுக்கணும். அடுத்த முறை அவங்க எங்கட்டதான் வருவாங்க.

படுவான்கரை ஆக்களுக்கு இது இன்னும் பெரிய விசயம். மண்டூர்க்காரருக்கு வாவியக் கடக்கிற குருமண்வெளி மிதவைப் பாதை இருக்கு, தும்பங்கேணி, வெல்லாவெளி, இன்னும் அங்கால போற ஆக்களுக்குக் கடைசி பஸ். பஸ் போனாத் திரீவீல்தான், அந்தக் காசு டொக்டர்ட காசுக்குக் கிட்ட வந்திரும், அதோட இருட்டினா யானை. இது கதைக்குச் சொல்லுறதில்ல, அந்தப் பக்கம் யானை அடிச்சு ஆக்கள் செத்திருக்காங்க. ஆனபடியா நம்பர் குடுக்கேக்க எந்த ஊர் எண்டு கேட்டு, தூரத்து ஆக்களுக்கு முதல் நம்பர்களக் குடுக்கிற பழக்கத்தக் கொண்டு வந்தம். மற்ற ஆக்கள் சண்டைக்கு வருவாங்க எண்டு என்ட ஸ்டாஃப் பயந்தாங்க. வாசல்லயே எழுதிப் போட்டம், முதல் நம்பர்கள் படுவான்கரை ஆக்களுக்கு, கடைசி பஸ்ஸுக்காக எண்டு. ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. ஒரு நாள் மருதமுனை முஸ்லிம் அக்கா ஒராள், லாத்தா எண்டுதான் கூப்பிடுவம், தன்ட நம்பரையும் சேர்த்து ஒரு பழுகாமத்து அம்மாக்குக் குடுத்தா, "நான் நடந்து போற தூரம், அவ போகட்டும்" எண்டு. களவா உள்ள விட்டிருந்தா அதே லாத்தா எங்களோட சண்டை புடிச்சிருப்பா, நியாயமும் அவட பக்கம்தான் இருந்திருக்கும்.

காசு விசயத்துக்கு வாறன். சனலிங் காசு தெரியும், ஆனா உள்ள போனா என்ன டெஸ்ட் எழுதுவாரோ, வெளிய வரேக்க எவ்வளவு முடியுமோ எண்டு தெரியாது. எங்கட சனம் எண்ணி எடுத்த காசோட வருது. ஆக்கள் விலை கேட்டா "சரியான கஞ்சன்" எண்டு பார்க்கிற கவுண்டர்ப் பிள்ளைய வச்சிருக்கிற சென்டர் உருப்படாது. அந்த அம்மா காதுத் தோட்ட அடகு வச்சிட்டு வந்திருப்பா, அது எங்களுக்குத் தெரியாது. 2022ல சாமான் தட்டுப்பாடு, எண்ணெய் லைன் எல்லாம் வந்த நேரம் பாமசியில நடந்தத நான் மறக்கமாட்டன். ஒரு மாசத்துக்கு எழுதின மருந்துத் துண்டக் குடுத்திட்டு "மூணு நாளைக்குத் தா மனே" எண்டுவாங்க. அஞ்சு வகை எழுதியிருந்தா விலையக் கேட்டு ரெண்ட மட்டும் எடுப்பாங்க, எது முக்கியம் எண்டு தெரியாம, விலை குறைஞ்சதப் பார்த்து. அதுல விட்டுப் போனது சில நேரம் பிரஷர்க் குளிசையா இருக்கும், எடுத்தது விற்றமினா இருக்கும்! அதுக்குப் பிறகு நாங்க டொக்டர்மாரோட கதைச்சு, துண்டுல கட்டாயம் நிப்பாட்டக்கூடாததுக்கு ஒரு கோடு போடச் சொன்னம். பாமசிப் பிள்ளை ஒவ்வொரு மருந்துட விலையையும் முதலே சொல்லி, காசு போதாட்டி "இதையும் இதையும் விடாதீங்க, மற்றத காசு வந்தாப்போல எடுங்க, டொக்டர்தான் கோடு போட்டிருக்கார்" எண்டு சொல்லணும். டெஸ்டுக்கும் அப்பிடித்தான், ரத்தம் எடுக்க முதல் மொத்தத் தொகையச் சொல்லி, சரியா எண்டு கேட்ட பிறகுதான் ஊசியக் கையில எடுக்கணும். எங்கட வருமானம் இதால குறையுமே எண்டு முதலாளிமார் கேப்பாங்க. அந்த நாளைக்குக் கொஞ்சம் குறையும்தான்.

இதோட சேர்ந்தது, இலவசமாக் கிடைக்கிறத இலவசமாக் கிடைக்கும் எண்டு சொல்லுறது. 35 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு சீனி, பிரஷர் பார்க்க அரசாங்கம் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் நடத்துது, அது எங்கட சனத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. சும்மா ஒருக்காப் பார்ப்பம் எண்டு வாற ஆளுக்கு அதச் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கன். ஃபுல் பொடி செக்கப் எண்டு பத்துப் பதினைஞ்சு டெஸ்ட அடுக்கி பண்டிகைக் கழிவு போடுற வேலைய நாங்க செய்யிறதில்ல, ஒரு வருத்தமும் இல்லாத மனிசனுக்குக் கேன்சர் மாக்கர் எல்லாம் பார்த்து, அது கொஞ்சம் கூடக் காட்டி, அவர் ராவு ராவா நித்திரை இல்லாம மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஒண்டுமில்லை எண்டு திரும்பி வாற கூத்த நான் கண்ணால பார்த்திருக்கன், அது பாவம். நெஞ்சு நோவு, ஒரு பக்கம் கை கால் விழுந்தது, மூச்சு இழுக்கிற பிள்ளை, இப்பிடி வந்தா எங்கட்ட நம்பரே இல்ல. 1990க்கு அடிச்சு சுவசெரிய அம்புலன்ஸக் கூப்பிடு எண்டு கவுண்டர்ல பெரிசா ஒட்டியிருக்கு, 2016ல தொடங்கின சேவை, ஒரு சதமும் இல்ல. ஸ்பெஷலிஸ்ட் வரட்டும் எண்டு நெஞ்சு நோவோட கதிரையில இருத்தி வைக்கிறது வியாபாரமும் இல்ல வைத்தியமும் இல்ல.

மொழி விசயத்தச் சொல்லாம விட ஏலா. எங்கட பகுதிக்கு வாற ஸ்பெஷலிஸ்ட்மார்ல கனபேர் சிங்கள டொக்டர்மார், நல்ல மனிசர், நல்ல கை. நடுவுல நிண்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மொழிபெயர்ப்பா. உள்ள நடக்கிறத வெளிய வந்த சனம் என்னட்டச் சொன்ன விதம் இதுதான்: டொக்டர் அவ்வளவு நேரம் கதைச்சார், மிஸ்ஸி ரெண்டு வசனத்துல முடிச்சிட்டா, மிச்சத்த ஏன் மறைச்சா? கூடாத வருத்தமா? வீடு வரைக்கும் அழுதுகொண்டு போன ஆக்கள் இருக்காங்க, அதுல ஒராளுக்கு உண்மையில வெறும் கேஸ்ட்ரைட்டிஸ். மிஸ்ஸிட பிழையும் இல்ல, அவக்கு முக்கியமானது எது எண்டு தெரியும், அத மட்டும் சொல்லியிருக்கா. ஆனா பார்த்துக்கொண்டு இருக்கிற ஆளுக்கு நீளம்தான் கணக்கு. இப்ப எங்கட விதி, டொக்டர் ரெண்டு மூணு வசனம் சொன்னதும் நிப்பாட்டிச் சொல்லணும், சொன்னது முழுக்கச் சொல்லணும், டெஸ்டப் பற்றி மற்ற டொக்டரோட கதைச்சாலும் "இது இவருக்கும் அவருக்கும் உள்ள கதை, உங்கட வருத்தத்துல புதுசா ஒண்டுமில்ல" எண்டாவது சொல்லணும். நோயாளி சொல்லுறதையும் சுருக்கக்கூடாது. கடைசியில "அம்மா, வீட்ட போய் மகனுக்கு என்ன சொல்லுவீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லுங்க" எண்டு கேட்டா விளங்கினது விளங்காதது அந்த இடத்துலயே தெரிஞ்சிரும். விளங்கினதா எண்டு கேட்டா எல்லாரும் ஓம் எண்டுதான் தலையாட்டுவாங்க, பெரிய ஆக்கள்ற முகத்துக்கு நேர இல்ல எண்டு சொல்லுற பழக்கம் எங்களுக்கு இல்ல.

சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அதால மானம் மரியாதை விசயத்துல கவனம் இல்லாட்டி எவ்வளவு நல்ல டொக்டர் வந்தும் பிரயோசனமில்ல. கவுண்டர்ல நிண்டு "என்னம்மா வருத்தம்" எண்டு சத்தமாக் கேக்கிற இடத்துக்கு ஒரு குமர்ப்பிள்ளை திரும்ப வராது. மனநல டொக்டர் வாற நாள்ல வாசல்ல பேரும் துறையும் பெரிசாப் போட்டிருந்த இடத்துல சனம் ரோட்டுலயே திரும்பிப் போனத நான் பார்த்திருக்கன், எங்கட சென்டர்ல எல்லா டொக்டருக்கும் ரூம் நம்பர் மட்டும்தான், ஒரே ஹோல், ஒரே கதிரை. பேர் கூப்பிட விரும்பாட்டி நம்பரக் கூப்பிடுறது. ஈசிஜி எடுக்க, ஸ்கேனுக்குத் துணைக்கு நிக்க பொம்பிளைப் பிள்ளை இல்லாத நேரம் பொம்பிளையாக்களுக்கு நம்பர் குடுக்கிறதில்ல, முஸ்லிம் பொம்பிளையாக்கள் போன்ல கேக்கிற முதல் கேள்வியே அதுதான், தமிழ்ப் பொம்பிளையாக்கள் வாய்விட்டுக் கேக்கமாட்டாங்க, ஆனா அவங்கட மனசுலயும் அது இருக்கு.

சனத்துட நம்பிக்கைகளப் பற்றி ஒள்ளுப்பம் கூடக் கதைக்கணும், ஏனெண்டா சென்டர் நடத்துற ஆக்கள் இத அறியாமை எண்டு ஒதுக்கிட்டுப் போறாங்க. எங்கட பக்கம் ஊர் ஊரா இருக்கிற பெரிய பயம், சீனிக் குளிசை போட்டா கிட்னி பழுதாகும் எண்டது. ஏன் அப்பிடி நினைக்காங்க எண்டு இருந்து கேட்டுப் பார்த்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. பக்கத்து வீட்டு அண்ணர் பத்து வருசம் குளிசை போட்டார், பிறகு கிட்னி போச்சு, கண்ணாலக் கண்டது அதுதான். கட்டுப்படாத சீனியும் பிரஷரும்தான் கிட்னியத் திண்டது எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லல்ல. கிட்னி ஏலாமப் போனாப் பிறகு டொக்டர் மெற்போமின் எண்ட சீனிக் குளிசையக் குறைக்கிறார், நிப்பாட்டுறார், அதப் பார்த்த சனம் "பாத்தீங்களா, டொக்டரே நிப்பாட்டிட்டார், குளிசைதான் காரணம்" எண்டு முடிவெடுக்குது. இத எங்கட டொக்டர் ஒருத்தர் கிளினிக் நாள்ல ஹோலுக்கு வந்து நிண்டு பத்து நிமிசம் சொன்னார், சீனி ஏன் கிட்னிக்குக் கூடாது, மருந்த ஏன் குறைக்கிறம் எண்டு. நாங்க போட்ட எந்த விளம்பரத்தப் பற்றியும் அவ்வளவு ஆக்கள் ஊர்ல கதைக்கல்ல. இன்சுலின் எண்டா கடைசிக் கட்டம் எண்ட பயமும் அப்பிடித்தான், சரியான ஆள் விளக்கிச் சொன்னா மாறும். பரியாரிட்டப் போறது, நூல் கட்டுறது, கோயில்ல கட்டு, அதாவது குறி, சொல்லக் கேக்கிறது எல்லாம் நடக்கும். அதக் கேட்டுச் சிரிக்கிற ஸ்டாஃப் எங்களுக்கு வேணாம். சிரிச்சா மறைப்பாங்க, மறைச்சா அவங்க குடிக்கிற கசாயம் டொக்டருக்குத் தெரியாமப் போகும், அது ஆபத்து. "வேற என்ன மருந்து எடுக்கிறீங்க, நாட்டு மருந்தெண்டாலும் சொல்லுங்கம்மா, டொக்டர் ஏசமாட்டார்" எண்டு கேட்டா சொல்லிருவாங்க.

சனம் விரும்புறதக் குடுத்தா வியாபாரம் நடக்கும் எண்டு சொல்லுற ஆக்களுக்கு நான் காய்ச்சல் கதையச் சொல்லுவன். ஐப்பசி கார்த்திகை மாரி தொடங்கினா இங்க டெங்கு. காய்ச்சலோட வாற சனம் ஊசி கேக்கும், உடன காய்ச்சல் இறங்கணும் எண்டும். டைக்ளோபெனாக் மாதிரி ஒண்டப் போட்டா காய்ச்சல் கிடுகிடெண்டு இறங்கும், "கைராசி டொக்டர்" எண்டு பேரும் வரும், ஆனா டெங்குவெண்டா ரத்தப் பெருக்குக்கு அதுவே வழி. பரசிட்டமோல் மட்டும்தான், நிறை பார்த்து அளவா, இபுபுரோபனும் கூடாது, அஸ்பிரினும் கூடாது, தண்ணி கஞ்சி குடுக்கணும், டொக்டர் சொன்ன நாள்ல எப்பிசி எண்ட ரத்தப் பரிசோதனை பார்க்கணும். காய்ச்சல் விட்டாப்போல சுகம் எண்டு நினைக்கிற அந்த நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். மாரி காலத்துல எங்கட பேஸ்புக் பக்கத்துல இத மட்டும்தான் போடுவம், சென்டர்ட பேரக் கீழ சின்னனாப் போட்டு. ஊசி போடமாட்டாங்க எண்டு எங்கள விட்டிட்டுப் போன சனமும் இருக்கு. போகட்டும்.

விளம்பரம் எண்டு பார்த்தா மெடிக்கல் கவுன்சில் ஒழுக்க விதிப்படி டொக்டர்மார் தங்களத் தாங்களே விளம்பரம் செய்யிறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, ஆனபடியா "பிரபல", "கைராசி", "கிழக்கின் முதன்மை" எண்டெல்லாம் அடிக்கிறத விட்டிடுங்க, டொக்டர்ட பேர், தகைமை, நாள், நேரம் போதும். தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் 2006ல வந்தது, அந்தப் பதிவுச் சான்றிதழ வருசா வருசம் புதுப்பிச்சு சனத்துட கண்ணுல படுற இடத்துல மாட்டுங்க. நோயாளிட படத்தப் போட்டு "சுகமாகிச் சென்றார்" எண்டு போஸ்ட் போடுற பழக்கம் இப்ப கூடிப்போச்சு, 2022ல வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல சுகாதாரத் தகவல் விசேட வகைக்குள்ள வருது, சட்டம் இல்லாட்டியும் அது செய்யக்கூடாத வேலைதான். ஆராவது எங்கள ஏசி கொமென்ட் போட்டா நாங்க அதுக்குக் கீழ அவங்கட வருத்தத்தப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டம். "உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு மனவருத்தம், இந்த நம்பருக்கு எடுங்க, நானே கதைக்கன்" எண்டு மட்டும் எழுதி, உண்மையாவே நானே கதைப்பன். திரீவீல்காரருக்குக் கொமிசன் குடுத்து ஆள் எடுக்கிறது, டெஸ்ட் எழுதினா டொக்டருக்குப் பங்கு குடுக்கிறது, இந்த ரெண்டையும் நான் வாசல்ல விட்டதில்ல. ஆனா திரீவீல் ஸ்டான்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சு, எங்கட சென்டரப் பற்றி ஏத்தின சனம் என்ன கதைக்குது எண்டு கேப்பன். படிவத்துல எல்லாரும் "மிக நன்று"ல சரி போடுவாங்க, திரீவீலுக்குள்ள ஏறினாத்தான் உண்மை வரும்.

சின்னதா ஒரு விசயம். ரிப்போட் போடுற தெளிவான பிளாஸ்டிக் கவர்ல எங்கட போன் நம்பரையும் டொக்டர்மார் வாற நாளையும் அடிச்சுக் குடுக்கம். எங்கட வீடுகள்ல ரிப்போட் எண்டா காணி உறுதியோட சேர்த்து அலுமாரிக்குள்ள வைப்பாங்க, வருசக்கணக்கா இருக்கும். ரோட்டோர போர்ட்டுக்குச் செலவழிச்ச காச விட அது வேலை செய்தது. நாள் நேரம் போடேக்க ஊர்ட நாள்காட்டியயும் பாருங்க, வெள்ளி மத்தியானம் ஜும்ஆ, நோன்பு காலத்துல பின்னேரக் கிளினிக்க இஃப்தாருக்குப் பிறகு தள்ளணும், வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயில் திருவிழா. மாரி வேளாண்மை வெட்டி மாசி பங்குனியில கையில காசு வரேக்கதான் கண் ஒப்பரேசன், ஹேர்னியா எண்டு தள்ளிப்போட்டதுக்கெல்லாம் சனம் வரும். ரத்தம் பார்க்கிற லாப்ப விடிய ஆறு மணிக்குத் திறக்கம், வெறும் வயித்தோட தூரத்துல இருந்து பஸ்ல வாற சீனி வருத்தக்காரர ஒம்பது மணி வரைக்கும் பசியில வச்சிருக்கக்கூடாது. மூணு மாசச் சீனி அளவக் காட்டுற எச்பிஏவன்சி டெஸ்டுக்கு வெறும் வயிறு தேவையில்ல எண்டதையும் நம்பர் குடுக்கேக்கயே சொல்லிருங்க.

இதெல்லாம் கவுண்டர்ல இருக்கிற பிள்ளைட வாயிலதான் தங்கியிருக்கு, அந்தப் பிள்ளைக்குத்தான் நாங்க எல்லாரும் ஆகக் குறைஞ்ச சம்பளம் குடுக்கிறம், ரெண்டு வருசத்துல கட்டாருக்கோ கொழும்புக்கோ போயிருது, பிறகு புதுசா ஒண்டப் பழக்கணும். நான் சம்பளத்தக் கூட்டினன், முதலாளியோட மல்லுக்கட்டித்தான். புதுசா வாற பிள்ளைய முதல் கிழமை கவுண்டருக்குள்ள விடுறதில்ல. வெளியில சனத்தோட கதிரையில இருக்கணும், யூனிபோம் இல்லாம, பின்னேரம் நாலு மணியில இருந்து கடைசி நம்பர் போகும் வரைக்கும், பக்கத்துல இருக்கிற ஆக்கள் என்ன கேக்காங்க, ஆர்ட்டக் கேக்காங்க, எதுக்கு மறுமொழி கிடைக்கல்ல எண்டு ஒரு கொப்பியில எழுதி ராவைக்கு என்னட்டத் தரணும். போன முறை வந்த பிள்ளைட கொப்பியில இருந்துதான் தெரிய வந்தது, கழிவறை எங்க எண்டு கேக்க வெக்கப்பட்டு வயசான அம்மாமார் தண்ணியே குடிக்காம இருக்காங்க எண்டு. அடுத்த நாளே அம்புக்குறி போட்டு வாசல்ல இருந்து தெரியிற மாதிரி எழுதினம், வாசிக்கத் தெரியாத ஆக்களுக்காக, நம்பர் குடுக்கேக்கயே கையக் காட்டிச் சொல்லவும் பழக்கியிருக்கம்.